ஐப்பசி அடைமழையும் எங்க ஊர்ப் பிள்ளைகளும்



போன வாரம் சென்னையிலிருந்து தெரிஞ்சவர் ஒருத்தர் குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மழை. திண்ணையில உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தோம். அவர் எங்க அம்மாவைப் பார்த்து, "மழைக்காலம்னா கிராமத்துல பசங்களுக்குக் கொண்டாட்டமா இருக்கும் இல்லம்மா?"ன்னு கேட்டார். அம்மாவுக்கு எண்பது வயசு நெருங்குது. பதில் ஒண்ணும் சொல்லல. எழுந்து உள்ளே போய், தூங்கிக்கிட்டு இருந்த என் பேத்தி நெத்தியில கை வச்சுப் பார்த்துட்டு வந்து உக்காந்தாங்க.

அவருக்கு அது புரியல. புரிய வைக்கத்தான் இந்தப் பதிவு. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இருக்கிற நாலு மாசம், எங்க ஆரணியாத்துப் பக்கத்துல ஒரு சின்னக் குழந்தைக்கு அப்போ எப்படி இருந்தது, இப்போ எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுல எழுதுறேன்.

கூதிர்

பள்ளிக்கூடத்துல தமிழ் ஐயா ஆறு பெரும்பொழுது சொல்லிக் கொடுத்திருப்பார். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. கூதிர்னா குளிர். எங்களுக்குக் குளிர்காலம் மழையோடதான் ஆரம்பிக்குது. வருஷத்து மழையில ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்துல வடகிழக்குப் பருவமழையா கொட்டிடும். மழை விட்டதும் பனி. மார்கழி விடியக்காலையில 20 டிகிரிக்குக் கீழே போகும். வடநாட்டுக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. ஓலைக் குடிசையில, ஈரத் தரையில, ஒத்தைப் பாயில படுத்த குழந்தைக்கு அது போதும்.

விவசாயக் கணக்கையும் இதோட சேர்த்துப் பார்க்கணும். எங்க பக்கம் மூணு பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. கிணறு இருக்கிறவனுக்குத்தான் மூணும். ஏரித் தண்ணியையும் மழையையும் நம்பி இருக்கிறவனுக்குச் சம்பா ஒண்ணுதான். அது அறுவடைக்கு வர்றது தையில. அப்படின்னா ஐப்பசி, கார்த்திகையில பயிர் வயல்ல நிக்கும், போன வருஷத்து நெல்லு குதிர்ல தீர்ந்திருக்கும். களை எடுக்கப் பொம்பளைங்களுக்கு வேலை அதிகம். மழை பிடிச்சுக்கிட்டா அந்தக் கூலியும் இல்ல. அதே நேரத்துலதான் பிள்ளைகளுக்குச் சளி, இருமல், பேதி, காய்ச்சல் எல்லாம் வரும். சாப்பாடு குறையுற மாசமும், தாய்க்கு வேலை அதிகமான மாசமும், நோய் வர்ற மாசமும் ஒண்ணாவே வந்து நின்னுச்சு.

அம்மா செஞ்ச ஏற்பாடு

புரட்டாசியிலேயே அம்மா ஆரம்பிச்சிடுவாங்க. காஞ்ச பனை மட்டை, சவுக்கு மிலாறு, வறட்டி எல்லாம் பரண்ல ஏறிடும். அடைமழையில அடுப்பு எரியலன்னா அன்னைக்குக் கூழு இல்ல. கூரைக்குப் புது ஓலை வேய்ஞ்சாகணும். ஒழுகுற இடத்துக்குக் கீழே சட்டி, பானை வச்சு, ஒழுகாத மூலையில பிள்ளையைப் படுக்க வைப்பாங்க.

குழந்தைத் துணி வெயில் இல்லாம காயாது. கூடையைக் கவுத்துப் போட்டு, உள்ளே தணல் சட்டியில சாம்பிராணி போட்டு, மேல துணியைப் பரப்புவாங்க. தலைக்கு ஊத்துன குழந்தையையும் அந்தப் புகையில காட்டுவாங்க. சளிக்கு ஓமவல்லி இலையை வாட்டிப் புழிஞ்ச சாறு. வயித்துக்கு உரைமருந்து: சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாத்தையும் கல்லுல தாய்ப்பால் விட்டு உரசி நாக்குல தடவுறது. வயல் வேலைக்குப் போகும்போது வரப்பு மரத்துல தூளி கட்டி, அது மேல கோணிப்பையை மடிச்சுப் போட்டிருப்பாங்க. தூளியை ஆட்டுறது என் வேலை.

இதையெல்லாம் கேட்டா இப்போ சிலர் "அந்தக் காலத்து வைத்தியம் மாதிரி வருமா"ன்னு சொல்றாங்க. சாதாரணச் சளிக்கு ஓமவல்லி போதும்தான். நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தா ஓமவல்லி ஒண்ணும் பண்ணாது. பேதிக்கும் உரைமருந்து நிக்காது. இன்னொரு தப்பும் அப்போ எல்லா வீட்டிலயும் நடந்துச்சு. பேதி ஆகுற குழந்தைக்குத் தண்ணி கொடுத்தா இன்னும் அதிகமாகும்னு தண்ணியை நிறுத்திடுவாங்க. குழந்தை சாகுறதே உடம்புல தண்ணி வத்திப் போய்தான்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

1971இல் வங்கதேசப் போர் சமயத்துல, மேற்கு வங்காளத்துல பன்கான் அகதி முகாம்ல காலரா வந்தப்போ, திலீப் மகலநோபிஸ்னு ஒரு டாக்டர் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணியைக் குடிக்க வச்சே ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாத்தினார். அந்தச் செய்தி எங்க ஊருக்கு வந்து சேரப் பல வருஷம் ஆச்சு.

1976 கார்த்திகை

அந்த வருஷம் நவம்பர் கடைசியில பேய்மழை. சென்னையில அடையாறு கரை புரண்டதைப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க. அப்போ நாங்க செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆரணியாறு ஆந்திராவிலிருந்து வருது. அந்தப் பக்கம் மழை பெய்தாலும், பிச்சாட்டூர் ஏரி நிரம்பினாலும் இங்கே வெள்ளம். எங்களுக்கு ஆஸ்பத்திரி, கடை, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் ஆத்துக்கு அந்தாண்டை. நடுவுல பாலம் கிடையாது.

எனக்கு ஏழு வயசு. தங்கச்சிக்கு ஒன்றரை. மழைத்தண்ணி கிணத்துல கலந்து கலங்கலா இருந்துச்சு. அதைத்தான் குடிச்சோம். அவளுக்குப் பேதி. ரெண்டாவது நாள் கண்ணு உள்ளே போயிடுச்சு. அழுதா கண்ணுல தண்ணி வரல. நைனா அவளைத் துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு, கோணிப்பையைத் தலைமேல கவுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போனார். நானும் பின்னாடியே ஓடினேன். ஆறு செம்மண் கலர்ல, மரத்தை எல்லாம் புரட்டிக்கிட்டுப் போகுது. அந்தக் கரையில ஆள் நிக்கிறது தெரியுது, கத்தினா கேக்கல. சாயங்காலம் வரைக்கும் நின்னோம். திரும்பி வந்துட்டோம். மறுநாள் விடியறதுக்குள்ள அவ போயிட்டா. அதுக்கடுத்த நாள் இடுப்பளவுக்குத் தண்ணி வடிஞ்சு, ஆளுங்க ஆத்தைக் கடக்க ஆரம்பிச்சாங்க.

எங்க வீட்டுக்கு மட்டும் நடந்த கதை இல்ல இது. 1971இல் தமிழ்நாட்டுல பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தையிலயும் 113 குழந்தை முதல் பிறந்தநாள் பார்க்கல. ஒன்பதுக்கு ஒண்ணு. என் தங்கச்சி அந்தக் கணக்குல வரவே மாட்டா, ஏன்னா அவளுக்கு ஒரு வயசு தாண்டிடுச்சு. 2020இல் அந்த 113, 13 ஆயிடுச்சு. எப்படிக் குறைஞ்சுதுன்னு பார்த்தா, ஒவ்வொண்ணா வந்த சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் தெரியுது. எனக்குக் கண்ணுல பட்டதைச் சொல்றேன்.

மழை லீவுன்னா பட்டினி

மதிய உணவுல ஆரம்பிக்கலாம். 1956இல் காமராஜர் காலத்துல பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட ஆரம்பிச்சாங்க. நான் படிக்கும்போது அது ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும், சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். முதல்ல கிராமங்கள்ல ரெண்டு வயசுலேர்ந்து ஒன்பது வயசு வரைக்கும். பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைங்களுக்கும் மையம் வச்சு சோறு போட்டாங்க. தங்கச்சிக்கு அப்புறம் பிறந்த என் தம்பி அப்போ ஒண்ணாம் வகுப்பு. அவனுக்குக் கிடைச்சுது, ஆறாவது தாண்டின எனக்கு இல்ல. 1984 செப்டம்பர்ல 15 வயசு வரைக்கும் நீட்டினாங்க. நான் ஒன்பதாவது படிக்கும்போது தட்டு எடுத்துக்கிட்டுப் போய் வரிசையில நின்னேன்.

குதிர் காலியான ஐப்பசி, கார்த்திகையில அந்த ஒரு வேளைச் சோறு எவ்வளவு பெரிசுன்னு நகரத்துல இருக்கிறவங்களுக்குச் சொன்னாத்தான் தெரியும். காலையில கேவுரு கூழு கொஞ்சம், மதியம் பள்ளிக்கூடத்துல சாம்பார் சோறு, ராத்திரி இருந்தா உண்டு. அதனால மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டா எங்களுக்குச் சந்தோஷம் கிடையாது. சோறு போச்சுன்னு அர்த்தம். 1984 நவம்பர்ல ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் கரை கடந்துச்சு. எங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. பழவேற்காடு ஏரியின் ஒரு பக்கம் நாங்க, இன்னொரு பக்கம் அவங்க. கூரை பிய்ச்சுக்கிட்டுப் போன வீட்டுக்காரங்க எல்லாம் பள்ளிக்கூடத்துலதான் படுத்தோம். சத்துணவு ஆயாம்மா அந்த அடுப்புலயே எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்தினாங்க. அந்த ரெண்டு நாளும் ஊர்ல ஒரு பிள்ளையும் பசியோட தூங்கல.

அப்புறம் 1989இல் கலைஞர் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்துச்சு. 2010இல் அது வாரத்துல அஞ்சு நாள் ஆச்சு. 2022 செப்டம்பர்ல மதுரையில காலை உணவு ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. 2024 ஜூலை 15ஆம் தேதி கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டினாங்க. அதை முதல்வர் தொடங்கி வச்சது எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியிலதான். மார்கழி காலையில சூடான உப்புமாவோ பொங்கலோ தட்டுல வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கேவுரு கூழுதான் ஞாபகம் வரும்.

மார்கழியில ரெண்டு சொட்டு

1995 டிசம்பர் 9ஆம் தேதி நாடு முழுக்க முதல் போலியோ சொட்டு மருந்து முகாம். ரெண்டாவது தடவை ஜனவரியில. என் பொண்ணு அப்போ கைக்குழந்தை. பனிக்குல்லா மாட்டி, என் மேல்துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டுப் போனோம். "ஏன் சார் இந்தக் குளிர்ல வச்சிருக்கீங்க, சித்திரையில வைக்கக் கூடாதா?"ன்னு அங்கே இருந்த சுகாதார ஆய்வாளரைக் கேட்டேன். குளிர்மாசத்துல அந்தக் கிருமி பரவுறது குறைவா இருக்கும், அப்போ எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல கொடுத்தா அதுக்குப் போக இடம் இருக்காதுன்னு விளக்கினார். களை முளைக்கறதுக்கு முன்னாடியே மருந்து அடிக்கிற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். தமிழ்நாட்டுல கடைசியா போலியோ வந்தது 2004இல். நாட்டுலயே கடைசிக் குழந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில. 2014 மார்ச்ல இந்தியா போலியோ இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சுது.

இதோட தட்டம்மை ஊசி வந்துச்சு. அங்கன்வாடியில உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரியும் நர்ஸ் இருக்க ஆரம்பிச்சாங்க. 2008இல் 108 வண்டி. எங்க ஊருக்குப் பாலமும் வந்துச்சு. பாலத்துல முதல் நாள் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போனாங்க. அம்மா மட்டும் போகல.

பிள்ளைகளுக்குன்னு இருந்த சந்தோஷம்

அழுகைதான்னு நினைச்சுடாதீங்க. அதே நாலு மாசத்துலதான் எங்க விளையாட்டும் இருந்துச்சு. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்னாடியே ஆண் பனையின் பூவைப் பொறுக்கிக் காய வச்சு, குழியில போட்டு எரிச்சுக் கரியாக்கி, இடிச்சுத் துணியில பொட்டலமா கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டுவோம். நெருப்பு வச்சுக் கயித்துல சுத்தினா பொறி வட்டமா பறக்கும். அதுதான் மாவளி. மார்கழியில விடியறதுக்கு முன்னாடி பஜனை கோஷ்டி பின்னாடி போறது சுண்டலுக்கும் பொங்கலுக்கும்தான். போகிக்கு மண் வளையத்துல தோல் கட்டின மோளம். மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச பாய், கந்தல் எல்லாத்தையும் அன்னைக்கு எரிச்சுடுவாங்க. நோய் பிடிச்ச மழைக்காலத்தை வெளியே அனுப்புற நாள் அது. இப்போ டயர் எரிக்கிறாங்க. அந்தப் புகை பிள்ளைங்க நெஞ்சுக்குத்தான் போகுது. தயவுசெஞ்சு வேணாம்.

தை பிறந்தா புது நெல்லு. பொங்கல் அன்னைக்குப் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பாங்கன்னு எங்க ஆயா சொல்லும். அத்தனை பேரும் இருந்தாங்கன்னா அந்த வருஷம் நல்ல வருஷம்.

இப்போ யாருக்கு மழைக்காலம்?

1980களில் கும்மிடிப்பூண்டியில சிப்காட் வந்துச்சு. இரும்பு உருக்குறது, மருந்து, ரசாயனம்னு நிறைய ஆலைகள். எங்க ஊர்ப் பசங்களுக்கு மாசச் சம்பளம் கிடைச்சுது. குதிர் காலியானாலும் ரேஷன் அரிசி இருக்கு, சம்பளம் இருக்கு. ஐப்பசி பட்டினின்னா என் பேத்திக்கு என்னன்னே தெரியாது. ஆனா என் பொண்ணு மார்கழிப் பனியில காலை நாலரைக்கே எழுந்து ஷிப்டு பஸ் பிடிக்கப் போறா. பிள்ளையைப் பார்த்துக்கிறது நாங்கதான்.

தண்ணி முன்னே ரெண்டு நாள்ல வடியும். இப்போ ஒரு வாரம் நிக்குது. வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் பல இடத்துல மண்ணடிச்சு மனையாகிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ பள்ளிக்கூடம் பல நாள் மூடி, அரையாண்டுத் தேர்வே தள்ளிப் போச்சு.

எங்க பேத்திக்கு உறவு, அங்கன்வாடி, மெத்தை வீடு எல்லாம் இருக்கு. இல்லாத பிள்ளைகளும் இங்கேயே இருக்கு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்லேர்ந்து வேலைக்கு வந்தவங்க தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள்ல இருக்காங்க. மழை விட்டதும் செங்கல் சூளை ஆரம்பிக்கும். அதுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க, பிள்ளைகளோட. நம்ம மாவட்டத்துல அந்தப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தவும் ஏற்பாடு பண்ணினாங்க. கும்மிடிப்பூண்டியில 1990லேர்ந்து இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. அங்கேயும் ஒரு தலைமுறை பிள்ளைங்க சின்ன அறைகள்லயே எத்தனையோ ஐப்பசியைப் பார்த்து வளர்ந்திருக்கு.

போன கார்த்திகையில நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஊர்க்கோடி வரிசை வீட்டுல ஒரு ஒடிசா பொண்ணு. புருஷன் ராத்திரி ஷிப்டு. அடைமழை. அவளோட குழந்தைக்கு ஒரு வயசு இருக்கும், பேதி. யார்கிட்ட என்னன்னு சொல்றதுன்னு தெரியாம வாசல்ல நின்னு அழுதிருக்கா. பால் ஊத்தப் போன என் பொண்டாட்டி வந்து சொன்னா. நான் எழுந்திருக்கறதுக்குள்ள அம்மா குடையை எடுத்துட்டாங்க.

அந்தப் பொண்ணு தண்ணி கொடுக்கறதை நிறுத்தி வச்சிருந்தா. அம்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல பண்ணின அதே தப்பு. அம்மாவுக்கு ஒடியாவும் தெரியாது, இந்தியும் தெரியாது. கொதிக்க வச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர், சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். அங்கன்வாடியில சொல்லிக் கொடுத்த அளவு. ஸ்பூன் ஸ்பூனா ஊட்டிக் காமிச்சாங்க. "குடும்மா, நிறுத்தாத, குடு குடு"ன்னு தமிழ்லயே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் 108க்குப் போன் பண்ணினேன். வண்டி பாலத்து மேல வந்துச்சு. குழந்தை மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடுச்சு. இப்போ எங்க பேத்தியோட அங்கன்வாடியில உக்காந்து முட்டை சாப்பிடுது. பேத்தி அதுக்குத் தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கா, ரெண்டும் திட்டு.

அன்னைக்கு ராத்திரி வண்டி போனதுக்கு அப்புறம் அம்மா ரொம்ப நேரம் திண்ணையிலயே இருந்தாங்க. "வாம்மா, குளிருது"ன்னு கூப்பிட்டேன். "அன்னைக்கு நானும் தண்ணி குடுத்திருக்கலாம்டா"ன்னு மட்டும் சொன்னாங்க.

சென்னை நண்பருக்கு இதுதான் என் பதில். மழை எங்களுக்கு வேணும், அது இல்லாம சம்பா இல்ல. பெய்யட்டும். ஆனா உங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவோட பிள்ளை, பக்கத்துக் கட்டட வேலையில இருக்கிறவங்க பிள்ளை, இந்த நாலு மாசம் எங்கே படுக்குது, மழை லீவு அன்னைக்கு என்ன சாப்பிடுதுன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. அந்த உப்பு சர்க்கரை அளவையும் எழுதி வச்சுக்கோங்க.

நவரைக்கு நாத்து விடற வேலை இருக்கு. அடுத்த பதிவுல அதைப் பத்திப் பேசலாம்.